ஆபீசுக்குப் பக்கமா, ஸ்டேஷனுக்குப் பக்கமா?

மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்தால், சம்பளத்தை விசாரித்த கையோடு வீட்டார் கேட்பது எங்கே தங்கப்போகிறாய் என்பதைத்தான். "ஆபீஸ் பக்கத்துலயே பாரு, அலைச்சல் மிச்சம்" என்பார் ஒருவர். "தாம்பரம் தாண்டிப் பாரு, வாடகை குறையும், எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்கு" என்பார் இன்னொருவர். "பஸ்ஸும் ரயிலும் சேர்ந்து கிடைக்கிற இடமாப் பாரு" என்பார் மூன்றாமவர். சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த மூன்று அறிவுரைகளையும் பொருளியலாளர்களும் நகரத் திட்டமிடுவோரும் போக்குவரத்து ஆய்வாளர்களும் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் தடுமாறுகிறது, சென்னைக்குப் புதிதாக வருகிறவருக்கு எந்த அளவு உதவும் என்று இக்கட்டுரை பார்க்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த விடைகளில் பெரும்பாலானவை வேலை செய்யும் இடம் மாறாது என்ற அனுமானத்தில் நிற்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர் விஷயத்தில் மிகவும் நிச்சயமில்லாதது அதுதான்.

வேலைக்கு அருகிலேயே வீடு

மிகப் பழைய விடை இது. நடந்து போகிற காலத்தில் வேறு வழியும் இல்லை. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையின் தொழிலாளர்கள் ஆலையைச் சுற்றியே குடியிருந்தார்கள். 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் நெய்வேலியும் திருச்சி பெல் நிறுவனமும் குடியிருப்புகளைத் தாங்களே கட்டிக் கொடுத்தன. சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தது.

1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ராபர்ட் செர்வெரோ இதே எண்ணத்துக்குப் புது வடிவம் கொடுத்தார். ஒரு வட்டாரத்தில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையும் வீடுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் பயணத் தூரமும் நெரிசலும் குறையும் என்பது அவர் வாதம். 1991-ல் ஜெனிவீவ் ஜூலியானோ அதை மறுத்தார். அருகில் வீடு இருப்பதாலேயே மக்கள் அங்கு குடியேறுவதில்லை, வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் பயண தூரம் பல காரணங்களில் ஒன்று மட்டுமே என்றார் அவர். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் யாருடைய அலுவலகத்துக்கு அருகில் குடியிருப்பது? ஒருவர் அம்பத்தூரிலும் மற்றவர் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்த்தால், 'அருகில்' என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

இந்தப் பழைய விடை தமிழ்நாட்டில் இப்போது பெரிய அளவில் திரும்பி வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஹூண்டாய் முதல் கைபேசித் தொழிற்சாலைகள் வரை லட்சக்கணக்கானோருக்கு வேலை உண்டு, ஆனால் அந்த ஊருக்கு ரயில் நிலையம் இல்லை. கம்பெனி பஸ்தான் ரயிலின் வேலையைச் செய்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்டமான குடியிருப்பை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. பயண நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் கட்டில் வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது, வேலை போகிற நாளில் தங்குமிடமும் போகிறது. வேறு கம்பெனியில் வேலை தேடிப் பார்க்கும் துணிச்சலையும் அது குறைக்கக்கூடும். குவார்ட்டர்ஸ் முறை எந்தக் காலத்திலும் சுமந்துவந்த குறை இது.

வாடகைக்கும் தூரத்துக்கும் இடையிலான பேரம்

இரண்டாவது விடையின் வேர் 1826-ல் இருக்கிறது. ஜெர்மானியப் பண்ணையாளர் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் த்யூனன், சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் குத்தகை ஏன் குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1964-ல் வில்லியம் அலோன்சோ அதை நகரத்துக்குப் பொருத்தினார். மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வாடகை குறையும், பயணச் செலவு கூடும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு இரண்டும் சமன்படும் இடத்தில் நிலைகொள்ளும்.

சென்னையின் தென்புறம் இந்தக் கோட்பாட்டுக்குப் பாடநூல் உதாரணம் போல வளர்ந்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஊர்கள் தண்டவாளத்தை ஒட்டிப் பெருகின. சீசன் டிக்கெட் மலிவாக இருந்ததால், கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்குத் தூரம் பெரிய பாரமாக இல்லை.

கோட்பாட்டின் முதல் பலவீனம், நகரத்துக்கு ஒரே மையம் என்று அது வைத்துக்கொள்வது. இன்றைய சென்னையில் கிண்டி, அம்பத்தூர், பழைய மகாபலிபுரம் சாலை, ஒரகடம் என்று மையங்கள் பல. இரண்டாவது பலவீனம், மக்கள் இந்தப் பேரத்தைச் சரியாகக் கணிக்கிறார்கள் என்ற நம்பிக்கை. சுவிஸ் பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மானியத் தரவுகளை ஆராய்ந்து 2000-களில் ஒரு முரணைச் சுட்டினார்கள். பேரம் சரியாக நடந்திருந்தால் நெடுந்தூரம் பயணிப்பவர்களுக்கு மலிவான வாடகையோ நல்ல சம்பளமோ அதை ஈடுகட்டியிருக்க வேண்டும். அவர்களோ வாழ்க்கையில் குறைந்த நிறைவையே தெரிவித்திருந்தார்கள். ஆனால் பிரிட்டன் தரவுகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வொன்றில் அப்படிப்பட்ட உறவுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே 'தூரப் பயணம் மனிதரை வாட்டும்' என்பதை நாடுதோறும் பொருந்தும் விதியாகச் சொல்ல முடியாது.

நடைமுறைக்கு அதிகம் உதவுவது சிகாகோவில் இயங்கும் அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் 2006 வாக்கில் கொண்டுவந்த குறியீடு. வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், வாடகையையும் பயணச் செலவையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது அது. மலிவு என்று தோன்றிய பல புறநகர்கள் இந்தக் கணக்கில் மலிவாக இல்லாமல் போயின. 45 என்ற எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவரலாம். ஊரப்பாக்கத்தில் வாடகை குறைவு என்று போகிறவர் வேலைக்குப் போய்வர இருசக்கர வாகனம் வாங்க நேர்ந்தால், மாதத் தவணையும் பெட்ரோலும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். சென்னையில் பொதுப் போக்குவரத்துக்கு உண்மையான போட்டி பைக்தான். ஸ்டேஷனுக்கு அருகில் வீடு எடுப்பதன் பெரிய ஆதாயம், பைக் வாங்கும் கட்டாயத்தைத் தள்ளிப்போட முடிவது.

தண்டவாளத்தை ஒட்டி வாழ்வது

மூன்றாவது விடை ரயில் கம்பெனிகளிடமிருந்து வந்தது. 1910-ல் ஜப்பானின் ஒசாக்கா அருகே இச்சிஸோ கொபயாஷி, அதிகம் ஆள் நடமாட்டமில்லாத பாதையில் ரயில் விட்டார். பயணிகள் வேண்டுமே என்று இகேதாவில் நிலையத்துக்கு அருகில் வீடுகளைக் கட்டி மாதத் தவணையில் சம்பளக்காரர்களுக்கு விற்றார். 1947-ன் கோபன்ஹேகன் திட்டமும், 1950-களில் ஸ்டாக்ஹோம் அருகே எழுந்த வெல்லிங்பியும் அரசு முயற்சியாக அதே வழியில் போயின. 1993-ல் பீட்டர் கால்தார்ப் இதற்கு இலக்கணம் வகுத்தார்: நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் நெருக்கமான வீடுகள், கடைகள், அலுவலகங்கள். இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டுக் கொள்கையும் நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையிலான வட்டத்தைத்தான் குறிக்கிறது.

அந்த 800 மீட்டர் எங்கிருந்து வந்தது? அரை மைல் என்ற அமெரிக்க வழக்கின் மெட்ரிக் வடிவம் அது. எரிக் குவேரா, செர்வெரோ உள்ளிட்டோர் 2012-ல் அதைச் சோதித்தபோது, பயணிகளின் எண்ணிக்கையைக் கணிப்பதில் அரை மைல் வட்டத்துக்குத் தனிச் சிறப்பு எதையும் காணவில்லை. வசதிக்கான அளவு அது, இயற்கை விதி போன்றதன்று. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சென்னையில் 800 மீட்டர் நடப்பது எப்படி இருக்கும் என்று அந்த வட்டத்தை வரைந்தவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதி உண்டு. 'நிலையத்திலிருந்து ஏழு நிமிடம்' என்று போட வேண்டுமானால் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று பாதையின் நீளத்தை அளக்க வேண்டும்; மிச்சம் விழுந்தால் முழு நிமிடமாகக் கூட்ட வேண்டும். சிக்னலில் நிற்பதும் மேடேறுவதும் இதில் சேராது என்றாலும், எல்லா வீடுகளையும் ஒரே கோலால் அளந்து ஒப்பிட முடிகிறது. நம் ஊர் டு-லெட் விளம்பரங்களில் 'ஸ்டேஷன் பக்கம்' என்பதற்கு அப்படிப் பொதுவான அளவு கிடையாது. அரை கிலோமீட்டரும் பக்கம்தான், ஷேர் ஆட்டோவில் போகும் மூன்று கிலோமீட்டரும் பக்கம்தான்.

தூரத்தைச் சரியாக அளந்தாலும் அது பாதி உண்மையே. ரயிலுக்குள் கழியும் நிமிடத்தைவிட, நடப்பதிலும் காத்திருப்பதிலும் கழியும் நிமிடம் மக்களுக்கு இரு மடங்கு அளவுக்குப் பாரமாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்வது போக்குவரத்துத் திட்டமிடலில் வெகுநாள் வழக்கம். மடங்கு எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு, அது கூடுதல் பாரம் என்பதில் பொதுவாக உடன்பாடு இருக்கிறது. இதைத் தாம்பரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கடற்கரையிலிருந்து புறப்படும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. சிலதான் செங்கல்பட்டு வரை போகின்றன. கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனை ஒட்டிய வீட்டைவிடக் குரோம்பேட்டையில் பத்து நிமிடம் நடக்க வேண்டிய வீடு, வண்டி அடிக்கடி வருவதால், உண்மையில் 'அருகில்' இருக்கலாம்.

இந்த நிலைப்பாட்டின் மிகப் பெரிய சங்கடம் சென்னையிலேயே நிற்கிறது. பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரையும் 1997-ல் மயிலாப்பூர் வரையும் வந்தது. 2004-ல் திருவான்மியூரையும் 2007-ல் வேளச்சேரியையும் எட்டியது. திருவான்மியூர் நிலையத்தின் படிகளில் இறங்கினால் எதிரே டைடல் பார்க். இதைவிட நெருக்கமாக ஓர் ஐ.டி. வளாகத்தையும் ரயிலையும் வைக்க முடியாது. ஆனால் அலுவலகங்கள் அங்கேயே நிற்கவில்லை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கின. ரயிலோ மேற்கே வேளச்சேரிக்குத் திரும்பிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களிலும் பலர் இறங்கிய இடத்திலிருந்து மறுபடி பஸ் பிடித்தார்கள். பல நிலையங்களின் பிரம்மாண்டமான கட்டடங்கள் ஆளில்லாமல் இருண்டு கிடந்ததால், இரவில் அங்கே இறங்கத் தயங்கிய பெண்கள் ஏராளம். வீட்டுப் பக்கம் நிலையம் இருந்து வேலைப் பக்கம் இல்லாவிட்டால் பயன் பாதிக்கும் கீழே.

இன்னொரு நுட்பமான ஆட்சேபமும் உண்டு. நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள் ரயிலில் அதிகம் போகிறார்கள் என்றால், அருகாமை அவர்களை மாற்றியதா, ரயிலை விரும்புகிறவர்களே அங்கே குடிவந்தார்களா? பட்ரீஷியா மொக்தாரியன், சூசன் ஹாண்டி, சின்யூ காவ் ஆகியோர் 2009-ல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே நடக்கிறது, சுயதேர்வைக் கழித்த பிறகும் இடத்துக்கென்று ஒரு பாதிப்பு மிஞ்சுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் சாரம்.

நாளுக்கு ஒரு மணி நேரம்

யாகோவ் ஸஹாவி 1970-களிலும் சேஸரே மார்க்கெட்டி 1994-லும் முன்வைத்த கருத்து ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எந்தக் காலத்திலும் எந்த நகரத்திலும் மனிதர் பயணத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே ஒதுக்குகிறார் என்பது அது. மொக்தாரியனும் சிந்தியா சென்னும் 2004-ல் காட்டியபடி இது பெருங்கூட்டத்தின் சராசரிக்கு ஓரளவு பொருந்தும், தனி மனிதருக்குப் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், விரும்பும் பயண நேரம் எவ்வளவு என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளின் சராசரி ஒரு வழிக்கு 16 நிமிடம். பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. வீடு தேடுகிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது இவ்வளவே: ஐந்து நிமிடத்தைக் குறைக்கக் கூடுதல் வாடகை கொடுப்பது பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

யாருக்கு எந்த வீடு கிடைக்கிறது

மேலே சொன்ன எல்லாக் கோட்பாடுகளிலும் ஒருவர் ஊரைப் பார்க்கிறார், கணக்குப் போடுகிறார், தேர்ந்தெடுக்கிறார். சென்னையில் வீடு தேடிய யாருக்கும் தெரியும், தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர். பெயர் என்ன, சொந்த ஊர் எது, சைவமா அசைவமா, பேச்சிலரா என்ற கேள்விகள் வாடகைக்கு முன்னால் வந்துவிடுகின்றன. சுக்தேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு தேடும்போது நேரடியாக மறுக்கப்படுவதோ கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்படுவதோ தெளிவாகப் பதிவானது. ஸ்டேஷனுக்கு அருகில் தேவை அதிகம். வீட்டுக்காரர் வடிகட்ட அங்கேதான் இடமும் அதிகம். ஒருவர் தொலைவில் வசிப்பதைப் பார்த்து 'வாடகையை மிச்சப்படுத்துகிறார்' என்று எழுதும் ஆய்வாளர் இந்த மறுப்பைக் கணக்கில் சேர்க்கத் தவறுகிறார். இத்துறை எழுத்துகளின் மிகக் கடுமையான குறை இதுதான் என்பது என் கருத்து.

பெண்களின் கணக்கும் வேறு. கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளை ஆராய்ந்தபோது, பாதுகாப்பான வழிக்காகத் தரவரிசையில் கீழே உள்ள கல்லூரியையும் அதிக செலவையும் அவர்கள் ஏற்றுக்கொள்வதைக் கண்டார். மாணவர்களிடம் அந்த அளவு விட்டுக்கொடுத்தல் இல்லை. கல்லூரிக்குப் பொருந்துவது வேலைக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயில் வழியைவிட அந்தக் கட்டணமில்லா ஒயிட் போர்டு பஸ் அடிக்கடி வரும் வழி பல பெண்களுக்கு மலிவு. தெருவிளக்கும் திறந்த கடைகளும் உள்ள பஸ் நிறுத்தம், ஆளில்லாத நிலையத்தைவிட மேலாகவும் படலாம். 'ஸ்டேஷனுக்குப் பக்கம்' என்ற அறிவுரை இதையெல்லாம் பார்ப்பதில்லை.

தேர்வே இல்லாமல் இடம்பெயர்க்கப்பட்டவர்களின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு நகரின் நடுவிலிருந்து கொண்டுபோகப்பட்ட குடும்பங்கள் வீட்டு வேலையும் தினக்கூலியும் இருந்த இடங்களை விட்டு வெகுதூரம் தள்ளிப்போயின. அகமதாபாத்தில் குலுக்கலில் வீடு கிடைத்த குடும்பங்களைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அங்கே குடிபோகவே இல்லை, இன்னும் மூன்றில் ஒரு பங்கினர் போய்விட்டு வெளியேறியிருந்தார்கள். நல்ல கூரை கிடைத்தும் உறவும் உதவியும் அறுந்தது பெரிய இழப்பாகியிருந்தது. அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்க ஆள் இருக்கும் தெரு, கால அட்டவணையில் வராத வசதி.

புதிதாக வந்தவருக்கு இன்னொரு பயணமும் உண்டு, அதைக் கோட்பாடுகள் கண்டுகொள்வதில்லை. அது சொந்த ஊருக்குப் போகும் பயணம். வெள்ளிக்கிழமை இரவு பை தூக்கிக்கொண்டு தென் மாவட்ட பஸ் ஏறுகிறவருக்கு 2002-லிருந்து கோயம்பேடு வசதியாக இருந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்து தெற்கே போகும் பேருந்துகள் அங்கே மாறியதும், வடக்கிலும் மேற்கிலும் குடியிருந்தவர்களுக்கு ஊர்ப் பயணத்துக்கு முன்னால் இன்னொரு நகரப் பயணம் சேர்ந்துகொண்டது. அதே மாற்றத்தால் வண்டலூர், ஊரப்பாக்கம் வாசிகளுக்கு ஊர் கிட்டே வந்தது. வயதான பெற்றோர் ஊரில் இருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் ஆகாது.

வரப்போகும் ரயிலை நம்பலாமா

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அந்த இணைப்பின் பணி 2008-ல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் நில வழக்குகளில் சிக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் முடியாமல் இழுத்தது. 'ரயில் வரப்போகுது' என்ற பேச்சை நம்பி அப்பகுதியில் அன்று வீடு எடுத்தவர், அதற்குள் மூன்று வேலை மாறியிருப்பார்.

இப்போது அதே பேச்சு மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைச் சுற்றி நடக்கிறது. மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம், பறக்கும் ரயில் கைவிட்ட சாலையைப் பிடிக்கிறது. ரயில் வசதி நில மதிப்பை உயர்த்தும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எவ்வளவு உயர்த்தும் என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. அறிவிப்பு வந்ததுமே விலை ஏறத் தொடங்குவதும் பதிவாகியிருக்கிறது. நிலம் வைத்திருப்பவருக்கு அந்த உயர்வு வரவு. குடியிருப்பவருக்கோ ரயில் வருவதற்கு முன்பே செலவு. சொந்தமாக வாங்குகிறவர் பத்தாண்டு பொறுக்கலாம். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் இன்று ஓடும் வண்டியை மட்டும் நம்புவதே நியாயம்.

முதல் வீடும் இரண்டாம் வீடும்

சென்னைக்கு இந்தக் கேள்விக்கென்று சொந்தமாக ஒரு விடை இருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில்கள், பொதுக் குளியலறை, கீழே மெஸ், எந்தத் திசைக்கும் அண்ணா சாலையில் பஸ். வேலை உறுதியாகும் வரை அங்கே இருந்து, ஊரைப் புரிந்துகொண்டு, பிறகு மாம்பலத்துக்கோ நங்கநல்லூருக்கோ குடிபோனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த முறை ஆண்களுக்கானதாக மட்டும் இருந்தது என்பது அதன் பெரிய குறை. இன்று பி.ஜி.களும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

இடத்தை முதலில் தற்காலிகமாக எடுத்து, பின்பு நிலையாக முடிவு செய்வது அறிவார்ந்த வழி என்பதற்கு வலுவான காரணம் உண்டு. தவறான வீட்டிலிருந்து வெளியேறுவது செலவு பிடிக்கும். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. 'வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால்' என்ற இடைவெளியில் பெரிய தொகை அட்வான்ஸ் இன்னும் நுழைகிறது. புரோக்கர் கமிஷன், பெயின்ட் பிடித்தம், வண்டி வாடகை என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொகை.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வேலை நிலைக்குமா என்று தெரியாத நிலையில் வருகிறவருக்கு ஒரே அலுவலகத்தை ஒட்டிய வீட்டைவிட, பல திசைகளுக்கு வண்டி கிடைக்கும் சந்திப்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வீடு மேல் என்ற முடிவுக்குக் கூடுதல் ஆதாரம் இருப்பதாகத் தோன்றுகிறது. கிண்டி, பரங்கிமலை, தாம்பரம் போன்ற இடங்கள் அந்த வகை. வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியிருக்காது என்பதே காரணம். ஷிப்ட் வேலைக்கும், ரயிலே இல்லாத ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்கும், இரவில் திரும்பும் பெண்களுக்கும் இந்த முடிவு அப்படியே பொருந்தாது. அங்கே கம்பெனி பஸ்ஸின் வழித்தடமே நடைமுறையில் ரயில் பாதை.

இரண்டு விஷயங்கள் திறந்தே இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகும் முறை நிலைத்தால், தூரத்துக்கும் வாடகைக்கும் இடையிலான பேரம் மறுபடி புறநகர் பக்கம் சாயலாம். பல நிறுவனங்கள் முழு வாரத்துக்குத் திரும்பக் கூப்பிடுவதால் அந்தப் போக்கை இப்போதே முடிவாகச் சொல்ல முடியாது. சிறுசேரித் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் அச்சாலையில் வாடகைக்கு இருக்கும் இளம் ஊழியர்கள் அங்கேயே தங்குவார்களா, உயரும் வாடகை அவர்களை நாவலூர், கேளம்பாக்கம் தாண்டித் தள்ளுமா என்பது இன்னொன்று. நம் ஊரில் நில விலைக்குப் பதிவுத் துறைக் கணக்கு இருப்பது போல வாடகைக்கும் குடிமாற்றத்துக்கும் தெருவாரியாகத் தொடர்ச்சியான கணக்கெடுப்பு அமைந்தால்தான், ரயில் யாருக்கு வீட்டை அருகில் கொண்டுவந்தது, யாரைத் தொலைவுக்கு அனுப்பியது என்று அளந்து சொல்ல முடியும்.